போர்வீரனா, காதல் தாயத்தா?

மெக்சிகோவில் ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) எதிரே வந்து நின்றால் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம். முன்பு மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் கணக்கில் அது போரில் மாண்ட வீரன். நான்கு வருடம் சூரியனுக்குத் துணையாகப் போய்விட்டு, அப்புறம் பறவையாகிப் பூந்தேன் குடிக்க வருகிறான். விரல் நீளப் பறவைக்கு இவ்வளவு வீராப்பா என்றால், ஒரு பூச்செடிக்காக அது தன்னைவிடப் பெரிய பறவையை விரட்டுவதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது காதலைக் கூட்டிவரும் என்ற நம்பிக்கை. இதில் பறவைக்கு உயிர் இருக்காது. கொன்று உலர்த்தி, சிவப்பு நூல் சுற்றி, பிரார்த்தனைச் சீட்டோடு தாயத்தாக விற்கிறார்கள். சட்டம் தடுத்தும் மெக்சிகோ நகரத்துச் சோனோரா சந்தையில் விற்பனை நடக்கிறது. அஸ்டெக் மக்களும் இறகுக்காக இதைப் பிடித்தவர்கள்தான், சரி. ஆனாலும் என் ஓட்டு வீரனுக்கே. அந்த நம்பிக்கைக்குப் பறவை பறந்துகொண்டிருக்க வேண்டும்.