பக்கவாதத்துக்குப் பின் இரத்த அழுத்தம்: மாத்திரையா, அக்குபஞ்சரா?

பக்கவாதம் கண்டவர்களுக்கு மாத்திரை தரும் பலன் அளந்து பார்க்கப்பட்டது. 6,105 பேரைக் கொண்டு நடந்து 2001-இல் வெளியான புராக்ரஸ் ஆய்வில், பெரிண்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையும் பலருக்கு அதனுடன் இன்டபமைடு என்ற இன்னொரு அழுத்த மாத்திரையும் கொடுக்கப்பட்டபோது, மீண்டும் பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்தது. பெரிண்டோப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் வேறு மாத்திரைக்கு மாறலாம்.

அக்குபஞ்சரில் மணிக்கட்டின் உட்புறத்திலும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைச் செருகிச் சற்று நேரம் விட்டுவைக்கிறார்கள். ஜெர்மனியில் 160 இரத்த அழுத்தக்காரர்களிடம் (இவர்கள் பக்கவாதம் வந்தவர்கள் அல்லர்) நடந்த 2007 ஆய்வில், ஆறு வாரத்தில் மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி இறங்கினாலும், ஊசியை நிறுத்திய மூன்றாம் மாதத்தில் அந்தப் பலன் மறைந்திருந்தது. அமெரிக்காவின் ஷார்ப் ஆய்விலோ, உரிய இடங்களில் செருகாத போலி ஊசியை அக்குபஞ்சர் மிஞ்சவேயில்லை.

எனவே ஊசியை மாத்திரையின் இடத்தில் வைக்க நான் துணியமாட்டேன். கூடவே போட்டுக்கொள்ள விரும்புபவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவதை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.