பளபளப்பாகத் திரும்பி வந்த கார் எங்களுடையது அல்ல

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பழைய காரை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் ஒரு பட்டறை என்னை ஏமாற்றிய விதத்தை முழுவதுமாகச் சொல்லப்போகிறேன். பட்டறையின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெயர் தெரிவதைவிட, அவர்கள் எதை எப்படிச் செய்தார்கள் என்பது தெரிவதுதான் உங்கள் வண்டியைக் காப்பாற்றும்.

எங்கள் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966ஆம் ஆண்டு வண்டி, இரண்டு கதவுகள். இன்றைய பிள்ளைகள் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அம்பாசிடர் வங்காளத்திலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில், நம் ஊர் வண்டி என்று சொல்லிக்கொள்ள ஹெரால்டுதான் இருந்தது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை அதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 948 சிசி எஞ்சின். பானெட்டை மட்டும் தூக்குவதில்லை; விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். வண்டி திரும்ப 25 அடி வட்டம் போதும். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தச் சாலைக்கென்றே செய்த வண்டி இது என்று அப்பா சொல்வார்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தோட்ட முதலாளி 1974இல் வேறு வண்டி வாங்கியபோது ஹெரால்டை அப்பாவுக்குக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1996 வரை அப்பா ஓட்டினார். அதன் பிறகு அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. 2009இல் அப்பா போய்விட்டார். படிவம் 31 கொடுத்து ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றினேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை அந்த வண்டிக்கென்று எடுத்து வைத்தேன்.

2022 ஜனவரியில் பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, "அக்கா, இது பொக்கிஷம். என் சொந்த வண்டிபோல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் கைப்பேசியில் அழகான வண்டிகளின் படங்கள் நிறைய இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரிடமும் நான் பேசிப் பார்க்கவில்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று பேசினோம். எட்டு மாதம் என்றார். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். என்னென்ன வேலை, எந்தெந்தப் பாகம் கழற்றப்படும், கழற்றிய பழைய பாகம் யாருக்கு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் ஆவணம் பார்த்தவள் நான். அந்தச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

எட்டு மாதம் பதினைந்து மாதமானது. எஞ்சின் வேலை கூடிவிட்டது, சேசிஸ் துருப்பிடித்திருக்கிறது, சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும் என்று தவணை தவணையாகக் கேட்டு மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் வாங்கினார்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் வண்டிமேல் தார்ப்பாய் போட்டிருக்கும். பெயின்ட் காய்கிறது, தூசி படக் கூடாது என்பார்கள்.

2023 ஏப்ரலில் வண்டி வந்தது. இளநீல நிறத்தில், அப்பா வைத்திருந்தபோது இருந்த அதே நிறத்தில், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக வந்தது. அம்மா கண்ணீர் விட்டார். நானும் அழுதேன். கற்பூரம் ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஸ்டியரிங் சக்கரம் புதிதாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, பழையது விரிசல் விட்டிருந்தது, மாற்றிவிட்டோம் என்றார்கள். அந்த விரிசலில் அப்பா செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தார். அது எங்கே என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம், கோடை விழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு வார நாளில், தம்பி மகனுடன் ஏற்காட்டுக்குப் போனேன். அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தோம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அது நின்றபோது, இடையில் ஐம்பது ஆண்டுகள் கடந்துபோகாததுபோல் இருந்தது. இறங்கும்போது பதினான்காம் வளைவில், இரண்டாம் கியரில், மெதுவாக, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்புகையில் 'படக்' என்று ஒரு சத்தம். வண்டியின் இடது முன்பக்கம் தரையில் இறங்கியது. சக்கரம் மட்டும் முறிந்த கால்போல் வெளியே மடங்கிக் கிடந்தது. வேகம் இல்லாததால் உயிர் பிழைத்தோம். கைப்பிடிச் சுவருக்கும் எங்களுக்கும் இடையே நான்கு அடி இருந்திருக்கும்.

பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கிக் கல் எடுத்துச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தார். மேலே பழைய கார்கள் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று சொன்னவரும் அவர்தான். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெரியவர் ஜீப்பில் தன் மெக்கானிக்கோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், காபித் தோட்டக்காரர். என்னிடம் பேசுவதற்கு முன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தார்ச்சாலையில் படுத்து முறிந்த இடத்தைப் பார்த்தார். எழுந்து, கையில் ஒட்டியதை என்னிடம் காட்டிக் கேட்டார்: "அம்மா, இதற்குள் யார் கிரீஸ் அடித்தது?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு முன்பும் சித்திரையிலும் அப்பா ஒரு சின்ன எண்ணெய்த் துப்பாக்கியோடு முன்சக்கரங்களுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். கெட்டியான கியர் ஆயில், அதன் கந்தக வாடை. கீழே சொட்டும்வரை அடிப்பார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகாணியில் இருப்பதுபோல் மறை வெட்டியிருக்கிறது. அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் திரும்புகிறது. அதற்குள் 90 எண் கியர் ஆயில்தான் போக வேண்டும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. கிரீஸ் உள்ளே இறங்காது, காய்ந்து கட்டியாகிவிடும், ஈரம் புகுந்து தண்டு துருவேறும், ஒருநாள் முறியும். அதுவும் வேகமாகப் போகும்போது முறிவதைவிட, மெதுவாக முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் முறியும். ஹெரால்டு வைத்திருக்கும் அனைவரும் இந்த ஒன்றை மட்டுமாவது இன்றே பாருங்கள்.

வண்டியைப் பெரியவரின் கொட்டகைக்கு இழுத்துப் போனோம். அங்கே ஒரு மோரிஸ் எய்ட், முன்கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும் பழைய ஃபியட் 1100, சாக்குப் போட்டு மூடிய இரண்டு எஞ்சின்கள். சுவர் முழுவதும் தகர டப்பாக்கள்; ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் சீட்டு. பழைய வண்டியை நேசிப்பவர் எப்படி இருப்பார் என்பதை அன்று பார்த்தேன். பளபளப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்து உடல் முழுவதும் ஒத்திக்கொண்டே போனார். கதவுக்குக் கீழே, பின்சக்கர வளைவில், டிக்கியின் ஓரத்தில் காந்தம் ஒட்டாமல் விழுந்தது. அங்கெல்லாம் தகரமே இல்லை, பட்டி வைத்துப் பூசிய மேடு. டிங்கர் வேலை என்று எழுபதாயிரம் வாங்கியிருந்தார்கள்.

பிறகு எஞ்சின். எண் இருக்கும் இடத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தது. ஆர்.சி. நகலை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பெயின்ட்டைச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். மூன்றாம் எண்ணிலேயே நிறுத்திவிட்டார். அது எங்கள் எஞ்சின் இல்லை. 1972க்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெசல் வண்டிக்கும் இதே 948 சிசி எஞ்சின்தான், அதிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்றார். வேகமானியில் வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் எண் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். அப்பாவின் டைரியில் கடைசியாக எழுதியிருந்தது 61847. ஸ்டியரிங் சக்கரம், டைனமோ, பின்விளக்குக் கண்ணாடிகள், பானெட்டில் இருந்த பெயரெழுத்துகள் எல்லாம் வேறு. சேசிஸும் அப்பாவின் நிறமும் மட்டும் எங்களுடையவை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அவர் விளக்கினார். ஹெரால்டுக்கு இங்கே யாரும் புதிதாகச் சாமான் செய்வதில்லை. ஆகவே கொட்டகையில் நின்ற, கைபடாத வண்டியின் பாகங்களுக்கு மதிப்பு அதிகம். நல்ல எஞ்சினை எடுத்து விற்பனைக்குத் தயாராகும் வண்டியில் போடுவார்கள். தேய்ந்ததை அழகுபடுத்தி உங்கள் வண்டியில் மாட்டுவார்கள். வேலைக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம், விற்கும் சரக்கையும் நாம்தான் கொடுக்கிறோம்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்று பிடிபட்டால், அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு, 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் இருக்கக் கூடாது. அந்த எண்ணை வாங்கி அப்பாவின் படத்துக்குக் கீழே வைக்க ஆசைப்பட்டிருந்தேன்.

பட்டறைக்குப் போய்க் கேட்டோம். பழைய எஞ்சின் வெடித்திருந்தது, இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டோம் என்றார். என்று போட்டீர்கள், எந்தக் கடை, எடைச்சீட்டு எங்கே என்று கேட்டேன். குரல் மாறியது. அக்கா என்றவர் மேடம் என்றார். "ஓடுகிற வண்டியைக் கொடுத்தேன், மலையில் ஏற்றி உடைத்தது நீங்கள்" என்றார். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற மனு ஏற்புச் சீட்டை வாங்கினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். துண்டுச் சீட்டுகளும் வங்கிப் பரிமாற்றக் கணக்கும்தான் இப்போது என் கையில் உள்ள ஆதாரம். வண்டியைக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டு எஞ்சின் எண், சேசிஸ் எண், வேகமானி, ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு கைப்பிடி என்று படமெடுத்து, பட்டியல் போட்டு, பட்டறைக்காரரின் கையெழுத்தை வாங்கியிருந்தால் வழக்கு இவ்வளவு இழுக்காது என்று வழக்கறிஞர் சொன்னார். தயவுசெய்து அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள். கழற்றும் பழைய பாகங்கள் துருவாக இருந்தாலும் எனக்கே திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் அதை விலக்கச் சொல்லுங்கள்.

முறிந்த தண்டுக்குப் பதிலாக ஒரு ஜோடி தண்டுகளைப் பெரியவர் தன் டப்பாக்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் வண்டிக்கும் இதே குடும்பத்து முன்பாகங்கள்தான் என்பதால், இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தம்பி மகன் வரவழைத்து அவருடைய டப்பாவை நிரப்பினான். பெரியவர் தனக்குத் தெரிந்த ஹெரால்டுக்காரர்கள் எல்லாருக்கும் 61847 என்ற எண்ணைச் சொல்லிவைத்தார். நான்கு மாதம் கழித்து ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். அதே பட்டறையில் உதிரியாக வாங்கி அலமாரியில் வைத்திருந்த வேகமானியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எண் அதேதான். கொடுத்த பணத்தைத் தருகிறேன் என்றேன். "உங்கள் அப்பா ஓட்டிய தூரம் அம்மா இது, இதை நான் எப்படி விற்பேன்" என்று சொல்லிவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

எஞ்சினும் ஸ்டியரிங் சக்கரமும் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் இடப்புறத்தில் இரண்டு அங்குல நீளத்துக்குச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். பிரித்திருந்தாலும் அதன் தடம் பதிந்திருக்கும். எஞ்சினில், ஆயில் அளவு பார்க்கும் கம்பி நுழையும் துளைக்குக் கீழே, உளியால் பொறித்த 'ச' என்ற சிறு எழுத்து இருக்கும். அது என் அப்பாவின் கை. சமீபத்தில் ஹெரால்டு வாங்கியவர்கள், அல்லது அதற்கு எஞ்சின் மாற்றியவர்கள், அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கியது எனக்குப் புரியும். உங்கள்மேல் எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்.