புளூபெரிக்கு அமில மண்: தொட்டியா, தரையா?

பயிரிட்ட புளூபெரி முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது 1916-இல், எங்கள் நியூ ஜெர்சியின் வைட்ஸ்பாக்கிலிருந்து. எலிசபெத் வைட்டும் தாவரவியலாளர் ஃபிரெடரிக் காவிலும் அதைச் சாதித்த அந்தப் பைன் காட்டு மணல் இயற்கையிலேயே அமிலத் தன்மை கொண்டது. எங்கள் கொல்லையோ களிமண், பி.எச். 6.3 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). புளூபெரிக்கு 4.5 முதல் 5.5-க்குள் வேண்டும். பீட் மாஸும் (சதுப்பு நிலப் பாசி மட்கு) பைன் பட்டையும் கலந்து தொட்டியில் வைப்பதா, தரையிலேயே கந்தகத் தூள் போடுவதா? இரண்டையும் செய்துபார்த்தேன். என் ஓட்டு தரைக்குத்தான்.

தொட்டியில் கலந்த அன்றே நடலாம். கந்தகத்துக்குப் பொறுமை வேண்டும்; அதை அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பான, ஈரமான மண்ணில்தான் வேலை செய்யும். ஆகஸ்டில் போட்டுக் கிளறிவிட்டு, அடுத்த வசந்தத்தில் நட்டேன். அலுமினியம் சல்பேட் இதைவிட வேகம், ஆனால் அளவு மீறினால் வேருக்கே நஞ்சு. அதைத் தொடவில்லை.

முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். எங்கள் குழாய்நீர் கெட்டிலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். புளூபெரியின் வேர்கள் மெல்லியவை, வேர்த்தூவி இல்லாதவை. ஜூலையில் தொட்டி ஒரு நாள் காய்ந்தாலும் செடி துவண்டுவிடும். அதனால் தினமும் ஊற்றியாக வேண்டும். ஊற்றும் ஒவ்வொரு குவளையிலும் உள்ள சுண்ணாம்பு அமிலத்தைச் சிறிது முறிக்கும். 4.6-இல் தொடங்கிய தொட்டி, இரண்டாம் கோடை முடிவில் 6-ஐத் தாண்டியிருந்தது. இளம் இலைகள் வெளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாத நிலை அது. பீப்பாயில் மழைநீர் பிடித்து ஊற்றத் தொடங்கிய பிறகே செடி தேறியது.

தரைச் செடிகளுக்குப் பெரும்பாலும் மழையே போதுகிறது. நீர் தேங்காதிருக்கப் பாத்தியை அரை முழம் உயர்த்தி, பைன் பட்டை மூடாக்கு போட்டிருக்கிறேன். வசந்தத்தில் கொஞ்சம் அம்மோனியம் சல்பேட் உரம், ஆண்டுக்கு ஒரு மண் பரிசோதனை, அவ்வளவுதான் பராமரிப்பு. கடைசியாகப் பார்த்தபோது பி.எச். 5.2.

டியூக், புளூகிராப் ஆகிய இரண்டு ரகங்களை வைத்து, மூன்று ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். பத்தாண்டு கழித்து மண் எப்படி நிற்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்திருந்தால் கந்தகம் உண்டாக்கும் அமிலத்தை அது விழுங்கிவிடும். அங்கே தொட்டியும் மழைநீரும்தான் வழி.

இந்த ஆகஸ்டில் அடுத்த பாத்திக்கும் கந்தகம் போட்டாயிற்று. தொட்டிச் செடிகள் இரண்டும் வசந்தத்தில் அங்கே இறங்கும்.