வாடகையா, லீசா? வியாசர்பாடியில் வீடு பிடிக்கும் முன்

வட சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் 'வீடு லீசுக்கு' என்று அட்டை தொங்கினால், அது பெரும்பாலும் போக்கியம்தான். மொத்தமாக ஒரு தொகை கொடுக்க வேண்டும், மாத வாடகை கிடையாது, கெடு முடிந்ததும் பணம் திரும்ப வரும். 5 லட்சத்தை 7 சதவீதத்துக்கு பேங்கில் போட்டால் மாதம் சுமார் 2,900 ரூபாய் வட்டி. அதே வீட்டின் வாடகை 7,000 என்றால் லீசுதான் லாபம். அந்தப் பணமே ரெண்டு வட்டிக்கு வாங்கியது என்றால் மாதம் 10,000 போகும். பேசாமல் வாடகைக்கே போய்விடலாம்.

வாடகைக்கு 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்துக்கான கணக்கு, இங்கே எடுபடாது. அட்வான்ஸ் வரம்பு 3 மாத வாடகை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள அதே பிரிவு இடம் விடுகிறது; 10 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் பிறகு பேசிப் பயனில்லை. காலி செய்த 1 மாதத்துக்குள் பாக்கி கழித்துத் திருப்ப வேண்டும். எவ்வளவு சண்டையானாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது.

லீசில் நீங்கள் குடித்தனக்காரர் மட்டுமல்ல, கடன் கொடுத்தவர்; வீடு அந்தக் கடனுக்கு அடமானம். சொத்து மாற்றுச் சட்டப்படி போக்கியப் பத்திரம் பதிவாக வேண்டும், 2 சாட்சிகள் வேண்டும். பதிந்திருந்தால் பணம் வரும்வரை வீட்டை விட வேண்டியதில்லை. முத்திரைச் செலவுக்குப் பயந்து 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் அது அடமானமே ஆகாது. பணத்துக்காக சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

இன்னொரு கண்ணி, பேங்க் கடன். வீடு முன்பே அடமானத்தில் இருந்தால் பேங்குக்கே முதல் உரிமை, ஏலத்தில் நீங்கள் வெளியே. சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல் அசல் தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டுமே வந்தால் அசல் எங்கே என்று கேளுங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (பழைய குடிசை மாற்று வாரியம்) ஒதுக்கிய வீடு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒதுக்கீடு பெற்றவருக்கே அதை வாடகைக்கோ லீசுக்கோ விட அனுமதியில்லை.

வீட்டுக்காரர் வெளியூரில், சாவி வேறொருவரிடம் என்பதும் இங்கே சகஜம். வாடகை வீடு என்றால், வசூலிக்க சாவிக்காரருக்கு வீட்டுக்காரர் அதிகாரம் கொடுத்த கடிதமும் மாதாமாதம் ரசீதும் போதும். போக்கியப் பத்திரத்தில் சாவிக்காரர் கையெழுத்திட வேண்டுமானால் பவர் பத்திரம் வேண்டும்; அதில் அடமானம் வைக்கும் அதிகாரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.