நாள் வாடகைக்கு வீடு: வினோதமான விசாரணைகளுக்கு நான் பதில் சொல்லும் விதம்

கன்னியாகுமரியை அடுத்த கொட்டாரம் பக்கம் இருக்கும் எங்கள் அம்மாவின் பழைய ஓட்டு வீட்டை நாள் வாடகைக்கு விடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. முன்பதிவு பெரும்பாலும் வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பியில் வரும். கூகுள் மேப்பில் எண்ணைப் பார்த்து நேரடியாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. புதிதாக வீடு விட நினைப்பவர்கள் என்னிடம் ஏசி, தண்ணீர், வருமானம் பற்றித்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு சீசனிலேயே பிடிபட்டுவிடும். வழக்கத்துக்கு மாறான விசாரணைகளைக் கையாளத்தான் நாளாகிறது.

முதல் வருடத்திலேயே வந்த ஒன்றைச் சொல்கிறேன். "அப்பாவின் அஸ்தியோடு வருகிறோம். ஒரு இரவு தங்கி, விடியற்காலையில் முக்கடல் சங்கமத்தில் கரைக்க வேண்டும். கலசத்துடன் வர அனுமதிப்பீர்களா?" கொங்குப் பக்கத்துக் குடும்பம். இதற்கு முன்பு இரண்டு இடத்தில் கேட்டு, பதிலே வரவில்லையாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சொன்னேன். "அதுக்கென்ன மக்ளே, அவங்களே வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டாங்க. முற்றத்து மாமரத்துல கட்டித் தொங்கவிடச் சொல்லு" என்றார். அதையே எழுதி அனுப்பினேன். கூடவே, காலையில் கடலுக்குப் போய்த் திரும்பியதும் உள்ளே வருவதற்கு முன் குளிக்கக் கிணற்றடியில் வாளியும் துண்டும் இருக்கும், நாலரை மணிக்கு ஆட்டோ சொல்லிவைக்கிறேன் என்றும் சேர்த்தேன். உடனே பதிவு செய்துவிட்டார்கள்.

1948ல் காந்தியின் அஸ்தியைக் கரைத்த கரை இது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இந்த ஊரில் வீடு விடுகிறவருக்கு இப்படி ஒரு கேள்வி என்றைக்காவது வந்தே தீரும். கேட்பதற்கே கூச்சப்பட்டு எழுதுவார்கள். அவர்களைப் பதில் இல்லாமல் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏர்பிஎன்பியில் விசாரணை வேறு, முன்பதிவுக் கோரிக்கை வேறு என்பதைப் புதியவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். விசாரணை வந்தால் தேதி அடைபடாது; 24 மணி நேரத்துக்குள் ஒரு பதில் எழுதினால் போதும். கோரிக்கை என்றால் அதே 24 மணி நேரத்துக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். நம் ஒப்புதல் இல்லாமலே பதிவாகிவிடும் உடனடி முன்பதிவு வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். யாராக இருந்தாலும் திருப்பி இரண்டே கேள்வி கேட்பேன்: எத்தனை பேர், எதற்காக வருகிறீர்கள்? நிஜமாகத் தேவை உள்ளவர் இதற்கு ஒரு பத்தி பதில் எழுதுவார்.

கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள். "பாத்திரத்தில் மீன், இறைச்சி சமைத்ததுண்டா?" என்று கேட்பார்கள். இந்த ஊர் வீட்டில் மீன் சமைக்காத பாத்திரம் ஏது! அதனால் புதிதாக ஒரு அண்டா, இரண்டு பானை, கரண்டிகள் வாங்கிப் பரண்மேல் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன். மாலை போட்டவர்கள் வரும்போது மட்டும் இறங்கும். பதினெட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம் என்றால் மட்டும் முடியாது என்றுதான் சொல்வேன். இருப்பது ஒரே கழிப்பறை. செப்டிக் டேங்க் தாங்காது. காரணத்தைச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

காஷ்மீரில் இருந்து சைக்கிளில் வருகிறவர்கள் இன்னொரு வகை. எந்த நாள் வந்து சேருவோம் என்று அவர்களுக்கே தெரியாது. திருநெல்வேலி தாண்டியதும் செய்தி அனுப்புங்கள், காலியாக இருந்தால் வீடு உங்களுக்குத்தான் என்பேன். சைக்கிளை ஹாலுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் மிதித்து வந்தவருக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி?

"படுக்கையில் இருந்தே சூரிய உதயம் தெரியுமா?" தெரியாது, தென்னந்தோப்புதான் தெரியும். "மே மாதம் வந்தால் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாமா?" அந்த மாதங்களில் சூரியன் வடமேற்கே சாய்வதால் முனையில் இருந்து பார்த்தால் கரைப்பக்கம்தான் மறையும். ஆனால் சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்கலாம், வானம் மூடாமல் இருந்தால். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுமா என்பதற்கு நான் உறுதி கொடுப்பதே இல்லை. காற்று வலுத்தாலும் கடல் உள்வாங்கினாலும் நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, நடந்தே வள்ளுவர் சிலைக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார்கள். பாலம் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையில்தான். பாறைக்குப் போகப் படகு வேண்டும்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் கேள்விதான் வினோதமாகக் கேட்டார்களே தவிர, நல்ல விருந்தாளிகள். உண்மையில் பயப்பட வேண்டிய அழைப்பு மிகச் சாதாரணமாகத்தான் வந்தது. ராணுவ அதிகாரி என்றார், மரியாதையான பேச்சு, ஐந்து நாள் வேண்டும், முழுப் பணமும் இப்போதே தருகிறேன் என்றார். கடல் எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா என்று ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அங்கேயே பொறி தட்டியது. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க மேடம், பணம் வந்துடும்." யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, பின் போட்டால் நம் கணக்கில் இருந்துதான் போகும். இணைப்பைத் துண்டித்து எண்ணை முடக்கினேன். பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஏர்பிஎன்பியில் பதிவு உறுதியாகும் வரை தொலைபேசி எண்ணை மறைத்துவிடுவது, பேசிப் பழகிய நம் பெரியவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் இந்த மாதிரி ஆட்களிடம் இருந்து அதுவே காவல்.

மணமாகாத ஜோடி தங்கலாமா என்று கேட்டால், இருவருக்கும் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், இருவரின் அடையாள அட்டையும் வேண்டும், அவ்வளவுதான்; சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலே எனக்குப் போதும். வெளிநாட்டவர் வந்தால் மட்டும் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டும் விசாவும் கையோடு கொண்டுவரச் சொல்லி விசாரணையின்போதே எழுதிவிடுகிறேன். வந்து இறங்கிய பிறகு கேட்டால் களைப்பில் எரிச்சல்படுகிறார்கள்.