இரண்டு பேர் வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் லாபமா?

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். கீழ் வீட்டில் ஆறு பேர், எதிர் வீட்டில் ஐந்து பேர். போன மே மாதம் லாரித் தண்ணீருக்கென்று எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக 2,250 ரூபாய் வந்தது. "நாம ரெண்டு பேரு குளிக்கிறதுக்கு இவ்ளோவா?" என்று அம்மா கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லண்டனில் இருக்கும் அண்ணன் மகளிடம் பேசும்போது இதைச் சொன்னேன். "அத்தை, மீட்டர் போட்டுடுங்க. சின்னக் குடும்பத்துக்கு அதுதான் லாபம்" என்றாள். அவள் இருக்கும் ஊருக்கு அது சரி. இங்கிலாந்தில் மீட்டர் இல்லாத வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்த வீட்டின் பழைய மதிப்பை வைத்துத்தான் தண்ணீர்க் கட்டணம். உள்ளே எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. அதனால் படுக்கையறைகளைவிட ஆட்கள் குறைவாக இருந்தால் மீட்டர் லாபம் என்று அங்கே பொதுவாகச் சொல்வார்கள். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே பொருத்தித் தருகிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் பொதுவாக இரண்டு வருடத்துக்குள் பழைய முறைக்கே திரும்பிவிடலாம்.

சென்னையில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஒரு வீட்டுக்குத் தண்ணீர் ஒரே வழியில் வருவதில்லை. மெட்ரோ வாட்டர் என்று நாங்கள் சொல்லும் குடிநீர் வாரியத் தண்ணீர் கொஞ்சம், போர் தண்ணீர் கொஞ்சம், கோடையில் லாரி, குடிக்கக் கேன். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. மீட்டர் எந்தத் தண்ணீரின் விலையைக் குறைக்கும் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் மெட்ரோ வாட்டர் பில். சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று வரி, வீட்டின் ஆண்டு மதிப்பில் (வருடத்துக்கு இவ்வளவு வாடகை வரும் என்று போடும் மதிப்பு) 7 சதவீதம். மீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் இது மாறாது. இன்னொன்று கட்டணம், வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. மீட்டர் மாற்றக்கூடியது இந்த இரண்டாவது பகுதியை மட்டும்தான்.

அதில் என்ன மிச்சமாகும் என்று பார்க்க, பல வருடம் நடப்பில் இருந்த பழைய கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். பிறகு கட்டணம் ஏறிவிட்டது, ஆனாலும் அந்தப் பட்டியலில் கணக்குச் சுலபமாகப் புரியும். மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். மீட்டர் இருந்தால் முதல் 10 கிலோ லிட்டருக்கு, அதாவது 10,000 லிட்டருக்கு, கிலோ லிட்டர் 2.50 ரூபாய், அடுத்த ஐந்துக்கு 10 ரூபாய், 25 கிலோ லிட்டர் வரை 15 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய். கரண்ட் பில்லில் வரும் ஸ்லாப் மாதிரிதான். நகரங்களுக்கு ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு வைத்திருக்கும் அளவுப்படி இரண்டு பேருக்கு மாதம் 8,100 லிட்டர் ஆகிறது. அதாவது 20 ரூபாய் சொச்சம். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்று இருந்ததால் கட்ட வேண்டியது அதே 50தான். ஐந்து பேர் வீட்டுக்கோ 20 கிலோ லிட்டர் தாண்டி 150 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஆக அந்தப் பட்டியலில் மீட்டரால் சின்னக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, பெரிய குடும்பத்துக்கு நஷ்டம். தனி வீட்டில் மெட்ரோ வாட்டரை மட்டும் நம்பி இருக்கும் வயதான தம்பதி யாராவது என்னிடம் கேட்டால், மீட்டருக்காக அலைய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

போர் தண்ணீரிலும் பெரிய மிச்சம் இல்லை. அக்டோபரில் மழை பிடித்ததிலிருந்து மாசி வரைக்கும் எங்கள் போர் தாக்குப்பிடிக்கும். அந்த மாதங்களில் தண்ணீரின் செலவு என்பது மோட்டார் இழுக்கும் கரண்ட் மட்டுமே. அதை மீட்டர் வைத்துப் பங்கு பிரித்தால் எங்கள் வீட்டுக்கு மாதம் முப்பது நாற்பது ரூபாய் குறையலாம்.

காசு போவது லாரியில்தான். மே மாதக் கணக்கை அசோசியேஷன் நோட்டிலிருந்து அப்படியே எழுதுகிறேன். 12,000 லிட்டர் லாரி 18 வந்திருக்கிறது. லாரிக்கு 1,500 வீதம் 27,000 ரூபாய். லிட்டருக்குப் பன்னிரண்டரைக் காசு, கிலோ லிட்டருக்கு 125 ரூபாய். பழைய பட்டியலின் 2.50 ரூபாய்க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இந்த 27,000-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உண்மையான போட்டி. இப்போது எங்கள் முறை, வீட்டுக்குச் சமமாக. பன்னிரண்டால் வகுத்தால் 2,250. சில இடங்களில் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை அது இன்னும் மோசமாக அடிக்கும். லிஃப்ட்டுக்கும் பெயிண்டுக்கும் சதுர அடிக் கணக்கு நியாயம், தண்ணீருக்கு இல்லை.

அடுத்தது தலைக்கணக்கு. எங்கள் பன்னிரண்டு வீட்டிலும் சேர்த்து 45 பேர். 27,000-ஐ 45-ஆல் வகுத்தால் தலைக்கு 600. எங்கள் வீட்டுக்கு 1,200. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் மாதம் 1,050 ரூபாய் குறைகிறது.

கடைசியில் மீட்டர். இரண்டு பேருக்கு 8,100 லிட்டர் என்றால் 1,012 ரூபாய். ஆனால் எல்லா வீட்டு மீட்டரையும் கூட்டினாலும் லாரிக் கணக்கோடு ஒருபோதும் ஒட்டாது. மாடிப்படி கழுவுவது, வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக் குழாய், மேல் தொட்டி நிரம்பி வழிந்தது என்று ஒரு மீதி நிற்கும். அதையும் பங்கு போட வேண்டும். நூறு ரூபாய் சேர்த்து 1,100 என்று வைத்தேன்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சமப் பங்கு 2,250, தலைக்கணக்கு 1,200, மீட்டர் 1,100. நான் மீட்டருக்காக வாதாடத்தான் நோட்டை எடுத்தேன். ஆனால் மீட்டர் தரும் என்று நினைத்த மிச்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் தலைக்கணக்கிலேயே வந்துவிடுகிறது.

இனி மீட்டரின் செலவு. எங்கள் கட்டடத்துக்கு இருபது வயதுக்குப் பக்கம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று டவுன் லைன் இறங்குகிறது. சமையலறைக்கு ஒன்று, குளியலறை இரண்டுக்கும் தனித்தனி. தண்ணீர் ஒரே வழியாக வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு மீட்டர் போதும். இங்கே வீட்டுக்கு மூன்று, மொத்தம் 36 வேண்டும். முள் சுற்றும் சாதாரண மீட்டர் என்றால் கூலியோடு ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்றார் பிளம்பர். வீட்டுக்கு 6,000 ஆகிறது. போனில் கணக்குக் காட்டும் ஸ்மார்ட் மீட்டருக்கு எங்களுக்குச் சொன்ன விலை ஒன்றுக்கு 6,000, வீட்டுக்கு 18,000. அது போக மாதாமாதம் சேவைக் கட்டணம்.

எங்களுக்கு லாரி ஓடுவது வருடத்தில் நாலு மாதம். சமப் பங்கோடு ஒப்பிட்டால் மீட்டரால் மாதம் 1,150, வருடத்துக்கு 4,600 ரூபாய் மிச்சம். சாதாரண மீட்டரின் விலை இரண்டாவது கோடையில் திரும்பிவிடும். ஸ்மார்ட் மீட்டருக்கு நாலு வருடம், சேவைக் கட்டணத்தையும் சேர்த்தால் அதற்கு மேல். தலைக்கணக்கோடு ஒப்பிட்டாலோ மீட்டரின் கூடுதல் லாபம் வருடத்துக்கு 400 ரூபாய்தான். போட்ட 6,000 திரும்பப் பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் மீட்டரையே மாற்ற வேண்டி வரலாம். எங்கள் போர் தண்ணீரின் உப்பு பாத்ரூம் குழாயையே இரண்டு வருடத்தில் வெள்ளையாக்கிவிடுகிறது.

மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். அவர்கள் தலைக்கு மேலேயே தொட்டி இருப்பதால் பத்தடி உயரத்துக்கான அழுத்தம்தான் கிடைக்கும். நடுவில் ஒரு மீட்டர் உட்கார்ந்தால், அதிலும் அதன் வலையில் மண் அடைத்தால், ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் இருக்கும் காற்று மீட்டர் முள்ளைச் சுற்றிவிடுவதும் உண்டு. சொட்டுச் சொட்டாகக் கசிவது மட்டும் சாதாரண மீட்டரில் பல நேரம் பதிவே ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மீட்டரின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. மீட்டர் யாரையும் எண்ணுவதில்லை. தலைக்கணக்கில் எண்ண வேண்டும், எண்ணுவது மனசைப் புண்படுத்தும். எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை ஆளாகச் சேர்ப்பதா, பிறந்த குழந்தையைச் சேர்ப்பதா என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது அவள் அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆறு மாதம் ஒரு மகன் வீடு, ஆறு மாதம் இன்னொரு மகன் வீடு என்று இருக்கும் பாட்டியை எந்த மாதக் கணக்கில் எழுதுவது? "உங்க வீட்ல இப்போ எத்தனை பேர்?" என்று செக்ரட்டரி ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்பது யாருக்கும் பிடிக்காது. வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் முதல் தேதி எண்ணுவது, ஐந்து வயதுக்குக் கீழ் விடுவது, விருந்தாளியை எண்ணவே கூடாது என்று விதியை முன்கூட்டியே எழுதி வைத்தால் பாதிச் சண்டை குறையும். முழுவதும் போகாது.

மீட்டருக்கு இன்னொரு பலம், அது ஆளின் பழக்கத்தைக் காட்டிவிடும். தலைக்கணக்கில் நாங்கள் குழாயை மூடினாலும் திறந்துவிட்டாலும் அதே 1,200. மீட்டர் இருந்தால் பக்கெட்டில் பிடித்துக் குளிப்பதற்கும், ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைப்பதற்கும் பலன் உண்டு. அம்மா இரண்டையும் முப்பது வருடமாகச் செய்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் நாளைக்கு 135 லிட்டர் எங்கே ஆகப்போகிறது, 90-இல் முடிந்துவிடும். அப்போது எங்கள் மே மாதக் கணக்கு 800 ரூபாய்க்குக் கீழே வரும், மீட்டரின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும்.

ஆனால் சின்னக் குடும்பத்துக்கு மீட்டரில் ஒரு ஆபத்தும் உண்டு. ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர் போய்ச் சத்தமில்லாமல் கசிந்தால், ஆறு பேர் வீட்டில் அது செலவோடு செலவாகக் கரைந்துவிடும். இரண்டு பேர் வீட்டில் கசிவே ஒரு மூன்றாவது ஆளாகிவிடும். மீட்டர் போடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்: ஃப்ளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் அழுத்தாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிகிறது. எங்கள் வீட்டில் இறங்கியது. ரப்பர் 60 ரூபாய்.

வாடகைக்கு இருப்பவர்கள் சொந்தக் காசில் மீட்டர் போட வேண்டாம். போடுவது ஓனர் வேலை, பலன்தான் உங்களுக்கு. புதிதாகக் கட்டும் வீட்டை வாங்குகிறவர்கள் மட்டும், கையெழுத்துப் போடும் முன் தண்ணீர் ஒரே லைனில் உள்ளே வருகிறதா, மீட்டருக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில், அதுவும் வருடம் முழுக்க லாரி ஓடும் பகுதி என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு மீட்டருக்கே கை தூக்குவேன். லாரி மாதங்கள் கூடக்கூட மீட்டரின் லாபமும் கூடும். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த வருடம் எங்களுக்கு லாரி ஏழு மாதம் ஓடியது. அப்படி ஒரு கோடை வந்தால் என் கணக்கெல்லாம் மாறிவிடும். 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டியைச் செப்டம்பரில் தூர்வாரி வைத்தால் லாரி மாதங்கள் குறையும். எங்கள் தொட்டியில் நாலு வருடமாக யாரும் கை வைக்கவில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் வாசித்தேன். தலைக்கணக்கு இப்போதைக்கு, மீட்டர் பிறகு என்று கேட்டேன். ஆறு பேர் வீட்டு அண்ணா எழுந்து, "எங்களுக்கு 3,600 ஆயிடும்மா, மூணு குழந்தைங்க படிக்குது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பாதித் தொகை வீட்டுக்குச் சமமாக, பாதி தலைக்கணக்கில் என்று முடிவானது. எங்கள் பங்கு 1,725, அவர்களுக்கு 2,925. நான் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் மனசுக்கு ஒப்பிய முடிவு.

அதே கூட்டத்தில் யாரோ, வருகிற தண்ணீரையே நாம் அளப்பதில்லையே என்றார்கள். லாரித் தண்ணீர் இறங்கும் எங்கள் சம்ப், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தொட்டி, நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 120 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் சரியாக நூறு சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஒரு பிவிசி பைப்பில் கோடு போட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு அளந்தோம். முதல் லாரிக்கு 99 ஏறியது. அடுத்த நாள் வேறொரு லாரிக்கு 88தான் ஏறியது. 1,440 லிட்டர் குறைவு, 180 ரூபாய். மீட்டரால் தலைக்கணக்கைவிட எனக்கு மாதம் மிச்சமாகும் தொகையைவிட அது அதிகம். இப்போது லாரி வந்தால், பைப்பை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார்.