இரட்டை ட்ரைவ் ரெக்கார்டரா, கணினியா: குறுந்தகடு நகலெடுக்க எது நிலைக்கும்?

ஏழு ஆண்டுகள் உழைத்த என் இரட்டை ட்ரைவ் சிடி ரெக்கார்டர் ஒருநாள் வெற்றுத் தகட்டை ஏற்க மறுத்தது. பாட மட்டுமே உரிய அதன் இன்னொரு ட்ரைவ் எந்தக் குறையும் இன்றி இயங்கிக்கொண்டிருந்தது. அதே வகைக் கருவி ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்குவதா, கணினியோடு இணைக்கும் ட்ரைவுக்கு மாறுவதா என்று அப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் கணினிக்கு மாறினேன். அந்தச் சாய்வு இந்த அலசல் முழுவதும் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எளிமையில் ரெக்கார்டரே மேல். ஒரு தட்டில் மூலத் தகடு, மறு தட்டில் வெற்றுத் தகடு, ஒரே பொத்தான். முடிந்ததும் மற்றக் கருவிகளில் பாடுவதற்காக உள்ளடக்க அட்டவணையை எழுதி மூடும் ‘ஃபைனலைஸ்’ வேலை, அவ்வளவுதான். வேகத்தில் கணினியே மேல்: 74 நிமிடத் தகட்டை இரு மடங்கு வேகத்தில் எழுதும் ரெக்கார்டருக்கு 37 நிமிடம் பிடிக்கும் என்றால், 16 மடங்கு வேகத்தில் எழுதும் ட்ரைவுக்கு ஐந்து நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு தகடுகள் நகலெடுக்கும் எனக்கு இந்த இரண்டுமே பெரிய காரணங்கள் அல்ல.

ஒலித்தரத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். கீறலற்ற தகட்டைப் பொறுத்தவரை இரு வழியிலும் எடுத்த நகல்களுக்கிடையே என் காதுக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கீறல் விழுந்த தகட்டில்தான் வழிகள் பிரிகின்றன. தரவுத் தகட்டில் 2,352 பைட்டுகள் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட்டுகளே கோப்புக்கு உரியவை. எஞ்சியவற்றில் பெரும்பங்கு கூடுதல் பிழைதிருத்தத்துக்குப் போகிறது. இசைத் தகட்டிலோ அந்த 2,352 பைட்டுகளும் ஒலிக்கே செலவாகிவிடுவதால், அந்த இரண்டாவது காவல் அதற்கு இல்லை. அடிப்படைப் பிழைதிருத்தம் தோற்கும் இடத்தில், வாசிக்கும் ட்ரைவ் அக்கம்பக்கத்து ஒலி மாதிரிகளைப் பார்த்து விடுபட்டதை ஊகித்து நிரப்புகிறது. நின்று திரும்பப் படிக்க நேரமில்லாத ரெக்கார்டர் அந்த ஊகத்தையே நகலில் எழுதிவிடுகிறது. கணினியில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற மென்பொருள் ஐயத்துக்குரிய இடத்தை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டு, அப்படியும் தேறாவிட்டால் எந்தப் பாட்டில் எந்த நொடியில் பிழை என்று குறித்துத் தருகிறது.

ஆனாலும் என்னைக் கணினியின் பக்கம் தள்ளியது பராமரிப்புதான், அதிலும் குறிப்பாக எழுதும் லேசர். தகட்டின் சாயப் படலத்தைச் சுட்டு எழுத, வாசிக்கத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு திறன் வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதத் தொடங்குமுன், தகட்டின் உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் சிறிது எழுதிப் பார்த்து, அந்தத் தகட்டுக்கு ஏற்ற திறனைக் கருவி கணித்துக்கொள்கிறது. லேசர் தளர்ந்துவிட்டால் இந்தச் சோதனையே தேறாது. கருவி ஏதோ ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டுத் தகட்டை வெளியே தள்ளும். வில்லையைத் துடைத்தபோது எனக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தது, அதற்குமேல் இல்லை. லேசர் தலையை மாற்றலாமே என்றால், அந்த மாதிரிக்குரிய ட்ரைவ் அதன் கட்டுப்பாட்டுப் பலகையோடு பொருந்த வேண்டும். உற்பத்தி நின்றுபோன கருவிக்கு உதிரிப்பாகம் என்பது இன்னொரு பழைய கருவியின் வயிற்றிலிருந்து எடுப்பதுதான், அதிலும் எத்தனை மணிநேரம் உழைத்த லேசர் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. கணினியில் ட்ரைவ் தேய்ந்தால் யுஎஸ்பி கம்பியைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுவதோடு பழுதுபார்ப்பு முடிந்துவிடுகிறது.

லேசரோடு சேர்த்தே நினைக்க வேண்டியது வெற்றுத் தகடு. வீட்டுப் பயன்பாட்டு ரெக்கார்டர்கள் ‘மியூசிக்’ அல்லது ‘டிஜிட்டல் ஆடியோ’ என்று குறித்த தகடுகளை மட்டுமே ஏற்கும். தகட்டின் பள்ளத்திலேயே வார்த்திருக்கும் குறியீட்டைப் படித்து, சாதாரணக் கணினித் தகட்டைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் இத்தகைய கருவிகளுக்கும் அவற்றுக்கான வெற்றுத் தகடுகளுக்கும் உரிமத்தொகை விதித்தது. கணினி ட்ரைவுகள் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. தொழில்முறை ரெக்கார்டர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தளர்ந்துவரும் லேசருக்கு வேறு நிறுவனத்தின் தகட்டைக் கொடுத்துப் பார்ப்பதே நான் கண்ட ஒரே மருந்து. ஆனால் ‘மியூசிக்’ தகடுகளில் தேர்ந்தெடுக்கவே வகை அதிகம் இல்லாதபோது அந்த மருந்தும் கைக்கு எட்டவில்லை. மேலும், பழைய ரெக்கார்டரின் உள்நிரல் அது பிறந்த காலத்துத் தகடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 52 மடங்கு வேகத்துக்கென உருவான பிற்காலச் சாயத்தை அது எப்படிச் சுடும் என்பது தகட்டுக்குத் தகடு மாறுகிறது.

நகலிலிருந்து மறுநகல் எடுப்பதை எஸ்சிஎம்எஸ் என்னும் தடுப்பு முறை மறிக்கிறது. வாங்கிய தகட்டிலிருந்து ஒரு தலைமுறை நகலெடுக்கலாம். அந்த நகலை அப்படியே இன்னொன்றாக்க வீட்டு ரெக்கார்டர் இசையாது. மூலத் தகட்டைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இது தடையே அல்ல என்பதால் நான் இதைக் குறையாகக் கணக்கிடவில்லை.

ஓரிடத்தில் மட்டும் என் தீர்ப்பு தலைகீழாகும். கேசட், இசைத்தட்டு ஆகியவற்றைத் தகட்டுக்கு மாற்றுவதே முதன்மை வேலை என்றால், ஒலி நுழைவாயில்களும் பதிவு அளவைக் காட்டும் முள்ளும் கைக்கெட்டும் திருகும் ஒரே பெட்டியில் அமைந்த ரெக்கார்டர் இன்றும் இனிமையான கருவிதான். கணினியில் அதே வேலைக்கு இடைமுகக் கருவி, மென்பொருள், பாடல் பிரிப்பு என்று கூடுதலாக மூன்று படிகள் ஏற வேண்டும். ஒரே நேரத்தில் பல நகல் எடுக்கும் அடுக்கு ட்ரைவ் கருவியை இரண்டு நாள் இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். சாதாரணத் தகட்டை ஏற்றது, வேகமாகவும் இருந்தது, ஆனால் நீண்டகால உழைப்பைப் பற்றிச் சொல்ல அந்த இரண்டு நாள் போதாது.

பழைய இரட்டை ட்ரைவ் ரெக்கார்டரையே வாங்குவதென்று முடிவெடுத்தவர், அது பாடுவதைக் கேட்டு மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் வாங்கவிருக்கும் அதே வகை வெற்றுத் தகட்டைக் கையோடு கொண்டுபோய், கண்முன்னே முழுத் தகட்டையும் எழுதி ஃபைனலைஸ் செய்யச் சொல்லி, அந்த நகலை வேறொரு கருவியில் கடைசிப் பாட்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். உள்விளிம்பில் ஒழுங்காக எழுதிவிட்டு வெளிவிளிம்பில் தடுமாறும் லேசரை என் கருவியிலேயே பார்த்திருக்கிறேன்.